மேல் பெட்டியில் நாசி கண்டார்: பினாங்கு–கோலாலம்பூர் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே பயணமாகக் கோர்த்த மாதிரி நிகழ்வு. எந்த இடத்தில் எது பிசகியது, ஏன் பிசகியது என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே நேரங்களையும் அளவுகளையும் குறித்திருக்கிறோம்.

நடந்தது

தைப்பூசத்துக்கு முந்திய வாரம். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து காலை 10.25க்குப் புறப்பட வேண்டிய விமானம். மகன், மருமகள், எழுபதைத் தாண்டிய தாயார் என மூன்று பேர். கிள்ளானில் இருக்கும் உறவினருக்குக் கொடுக்க ஜார்ஜ்டவுனில் காலை 7 மணிக்கு நான்கு பொட்டலம் நாசி கண்டார் (பல குழம்பு ஊற்றிய பினாங்குச் சோறு) வாங்குகிறார்கள். கோழி, ஆட்டிறைச்சி, வெண்டைக்காய், அவித்த முட்டை. குழம்பு 'பஞ்சீர்', அதாவது சோறு முழுகும் அளவுக்கு. போதாதென்று மீன் குழம்பு தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில், ரப்பர் பேண்ட் போட்டு. அரை கிலோ கருவாடு வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. எல்லாம் ஒரே துணிப்பையில், கைச்சுமையாக.

விமானத்தில் ஏறியதும் பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குப் போகிறது. இடமில்லாததால் யாரோ அதைப் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளிவிட்டுத் தன் பையை முன்னால் வைக்கிறார். கதவு மூடிய பிறகு மழையால் ஓடுபாதை வரிசை நீள்கிறது. விமானம் நாற்பது நிமிடம் தரையிலேயே நிற்கிறது.

தாயாருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு இரண்டு துண்டு ரொட்டி மட்டும் சாப்பிட்டிருந்தார். 10.50 வாக்கில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. மகன் பதறி எழுந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மடக்கு மேசையில் பிரிக்கிறார். நான்கைந்து வரிசைக்கு வாசம் எட்டுகிறது. இடைவழிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டியில் இருந்த இளைஞர், பத்துமலையில் காவடி எடுக்க நாற்பது நாளாக விரதம் இருப்பவர், குனிந்து சொல்கிறார்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் விரதத்துல இருக்கேன். கொஞ்சம் மூடி வெச்சுக்க முடியுமா?" மகனுக்குக் கோபம். "எங்கம்மாவுக்குச் சக்கரை இறங்குது தம்பி, தெரியுதா?" பின் வரிசையிலிருந்து ஒருவர் அழைப்பு விளக்கைப் போட்டுவிடுகிறார்.

பணிப்பெண் வந்தார், ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்தார், "ஆண்ட்டி, முதல்ல இதைக் குடிங்க" என்றார். பொட்டலத்தை மூடச் சொல்லி, கட்டி வைக்க ஒரு பையும் தந்தார். பத்து நிமிடத்தில் தாயார் தெளிந்தார். சிக்கல் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கோலாலம்பூரில் இறங்கி மேல் பெட்டியைத் திறந்தபோது மீன் குழம்பின் எண்ணெய் வேறொருவரின் கணினிப் பையில் மஞ்சளாக ஊறியிருந்தது.

மூன்று தனித்தனிப் பிசகுகள் இதில் இருக்கின்றன: வாசம், கசிவு, திறந்த நேரம். பெரும்பாலும் மூன்றாவதைத்தான் பேசுவோம், 'பண்பில்லை' என்று முடித்துவிடுவோம். உண்மையில் முதல் இரண்டும் காலை 7 மணிக்குக் கடை மேசையிலேயே முடிவாகிவிட்டன. அவை சரியாக இருந்திருந்தால் மூன்றாவதற்கு வேலையே இருந்திருக்காது.

வாசம் எப்படிப் பரவியது

விமான அறையின் காற்று அழுக்கானது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது உண்மையல்ல. பறக்கும்போது அறைக்காற்றில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வருவது. மீதி வடிகட்டப்பட்டுத் திரும்ப வருவது. மணிக்கு 20 முதல் 30 முறை காற்று மாறுகிறது, அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. காற்று மேலிருந்து கீழே, அந்தந்த வரிசையிலேயே இறங்கித் தரையோரத்தில் வெளியேறும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்தவுடன் முதலில் அவதிப்படுவது முன்னும் பின்னும் இரண்டு மூன்று வரிசைகள்தான்.

ஆனால் அந்த வடிகட்டி தூசியையும் கிருமியையும் பிடிக்கும் வடிகட்டி. 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். வாசம் துகள் அல்ல, ஆவி. அதைப் பிடிக்க, ஆவியை உறிஞ்சும் செயலூட்டிய கரி வேண்டும். போயிங் 787 போன்ற சில புதிய விமானங்களில் வாயு வடிகட்டும் அடுக்கு இருக்கிறது, குறுந்தூரத் தடங்களில் ஓடும் சிறிய விமானங்கள் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆகவே மீன் குழம்பின் ஆவி வடிகட்டிக்குள் புகுந்து, மறுபக்கம் வந்து, எல்லா வரிசைக்கும் பங்கு போடப்படுகிறது. வெளிக்காற்று அதை மெல்ல மெல்ல நீர்க்கச் செய்வதுதான் ஒரே தீர்வு.

தரையில் நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். பறக்கும்போது கிடைக்கும் அளவுக்குக் காற்றோட்டம் அங்கே கிடைப்பதில்லை. பினாங்கின் ஈர வெக்கை வேறு. இந்த நிகழ்வில் பொட்டலம் திறந்தது சரியாக அந்த நேரத்தில்தான். அதே பொட்டலத்தை வானில் ஏறிய பின், பணிப்பெண்கள் எல்லோருக்கும் சாப்பாடு கொடுக்கும் வேளையில் திறந்திருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, சூடு. வாசம் என்பது உணவிலிருந்து ஆவியாகும் மூலக்கூறு. சூடு ஏற ஏற அது வேகமாக வெளியேறும். எண்ணெய்த்தாளில் சுருட்டிய நாசி கண்டார் இரண்டு மணி நேரம் கழித்தும் உள்ளே வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தச் சுருட்டலின் நோக்கமே அதுதான். கடையில் வாங்கிப் பத்து நிமிடத்தில் வீட்டில் பிரிப்பதற்கு அது அருமையான கட்டு. விமானத்துக்கு ஆகாது: மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளில் காற்றுப்புகாத இடம் ஒன்றுகூட இல்லை.

உணவுக்கு உணவு வேறுபாடும் இருக்கிறது. மீனிலும் கருவாட்டிலும் பெலாச்சான் எனும் இறால் விழுதிலும் இருப்பது அமீன் வகை ஆவிகள். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு பிடித்துவிடும். வெங்காயம், பூண்டு, பெத்தாய் எனும் வாசமடிக்கும் காட்டு அவரை, அவித்த முட்டை ஆகியவற்றில் கந்தகச் சேர்மங்கள். பட்டை, ஏலம், கறிவேப்பிலை வாசம் இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானது, பலருக்குப் பிடித்ததும்கூட. 'கறி நாற்றம்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் உண்மையில் முகம் சுளிப்பது பெரும்பாலும் மீனுக்கும் முட்டைக்கும் வதங்கிய வெங்காயத்துக்கும்தான். நாசி லெமாக் பொட்டலத்தில் வாசம் அடிப்பது தேங்காய்ச் சோறு அல்ல, நெத்திலிச் சம்பலும் பாதி முட்டையும்.

பையைக் கொண்டுவந்தவர்களுக்கு ஏன் இது தெரியவில்லை? மூக்கு ஒரே வாசத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. காரில் அந்தப் பையோடு ஜார்ஜ்டவுனிலிருந்து வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் அதில் வாசமே இல்லை. 'எனக்கு ஒண்ணும் அடிக்கலையே' என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. எனவே சோதனையைத் தன் மூக்கால் செய்யக்கூடாது. கட்டிய பையைத் துணி அலமாரியில் அரை மணி நேரம் பூட்டிவைத்து, சமையலறைப் பக்கம் வராத ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் 'என்ன குழம்பு?' என்று கேட்டால் கட்டு போதாது.

குழம்பு ஏன் கசிந்தது

பறக்கும் விமானத்தின் அறை கடல் மட்ட அழுத்தத்தில் இருப்பதில்லை. நெடுந்தூரப் பயணத்தில் 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல் இருப்பதற்குச் சமமான அழுத்தம். 8,000 அடியில் அது கடல் மட்டத்தின் முக்கால் பங்கு. ஆகவே பைக்குள் அடைபட்ட காற்று கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். பினாங்கு–கோலாலம்பூர் தடத்தில் வானில் இருப்பதே முக்கால் மணி நேரம்தான், அவ்வளவு உயரமும் ஏறுவதில்லை, எனவே விரிவு குறைவு. இல்லாமல் போவதில்லை.

இப்போது நம் கடைகளில் குழம்புப் பை கட்டும் விதத்தை நினைத்துப் பாருங்கள். குழம்பை ஊற்றி, பையைச் சுழற்றிக் காற்றை உள்ளே அடைத்து, பலூன் போல விறைப்பாக்கி, கழுத்தில் ரப்பர் பேண்டை நான்கு சுற்றுச் சுற்றுவார்கள். தரையில் இது கெட்டிக்காரத்தனம்: விறைப்பான பை நசுங்காது, நிற்கும், கையில் தொங்கவிடலாம். விமானத்தில் இதுதான் வினை. அடைத்த காற்று விரிந்து குழம்பை ரப்பர் பேண்டின் முறுக்குக்குள் தள்ளும். பை சாய்ந்திருந்தால் முறுக்கின் வழியே முதலில் வருவது எண்ணெய். குழம்பின் மேல் மிதப்பதும் அதுதான், மெல்லிய இடுக்கில் நுழைவதும் அதுதான். மஞ்சளும் அதிலேயே கரைந்திருப்பதால் கறை எளிதில் போகாது.

எவர்சில்வர் அடுக்குச்சட்டியும் இதே கணக்கு. பக்கப் பிடி இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. உலோகத்தின் மேல் உலோகம் உட்காருகிறது, நடுவில் ரப்பர் வளையம் இல்லை. ஏறும்போது உள்காற்று இடுக்கில் குழம்பைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சிலிகான் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள டப்பா தாங்கும், ஆனால் விளிம்பு வரை ஊற்றக் கூடாது. கால்வாசி இடம் விட வேண்டும். இறங்கிய பிறகு சில டப்பாக்களைத் திறக்கவே வராது. உள்ளே அழுத்தம் குறைந்திருப்பதால் மூடி உறிஞ்சப்பட்டிருக்கும். ஒரு மூலையை லேசாக நெம்பினால் போதும்.

மேல் பெட்டியில் வைத்தது அடுத்த தப்பு. அங்கே எது எப்படிச் சாய்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. கசிந்தால் நனைவது அடுத்தவர் பொருள். உணவுப் பை முன் இருக்கைக்கு அடியில், நிமிர்ந்து, உங்கள் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கசிந்தால் உங்கள் செருப்பு நனையட்டும். அவசர வழி வரிசையிலும் முதல் வரிசையிலும் கீழே எதையும் வைக்க விடமாட்டார்கள். சாப்பாடு கொண்டுபோகும் நாளில் அந்த இருக்கைகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கறை பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். உலர்ந்த தாளால் ஒற்றி எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீர். ஈரத்தாளால் தேய்த்தால் மஞ்சள் நூலுக்குள் இறங்கிவிடும். சுத்தம் செய்யும் செலவை அங்கேயே, கேட்கப்படுவதற்கு முன்பே, ஏற்றுக்கொள்வதுதான் முறை. "அண்ணே, பையைக் கொடுங்க, இல்லாட்டி சலவைக் காசை நான் கொடுத்துடுறேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் பெரும்பாலோர் கைகாட்டி விட்டுவிடுவார்கள்.

இருக்கையில் நடந்தது

இங்கே யார் பக்கம் நியாயம்? இருவர் பக்கமும் இருந்தது. அதனால்தான் இந்த நிகழ்வு ஆராயத் தகுந்தது.

முதலில் மருத்துவம். சர்க்கரை இறங்கும்போது நாசி கண்டார் தவறான உணவு. சோறும் கொழுப்பும் சேர்ந்த சாப்பாடு இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். நடுக்கம் கண்டவுடன் தேவை சுமார் 15 கிராம் விரைவுச் சர்க்கரை: மூன்று தேக்கரண்டிச் சீனி, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, குறையவில்லையென்றால் இன்னொரு முறை. அதன் பிறகுதான் பிஸ்கட், ரொட்டி, வாழைப்பழம். இன்சுலின் போடும் பெரியவரோடு பறப்பவர் குளுக்கோஸ் மிட்டாயும் கிரீம் கிராக்கரும் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், மேல் பெட்டியில் அல்ல. தரையில் விமானம் நின்றுகொண்டிருக்கும்போது எழுந்து மேல் பெட்டியைத் திறக்க விடுவதே அபூர்வம். பணிப்பெண் செய்ததுதான் சரியான சிகிச்சை. மகனின் பதற்றம் புரிகிறது, ஆனால் அவர் திறந்த பொட்டலத்தால் தாயாருக்கு உடனடிப் பலன் இல்லை.

அடுத்து விதி. ஏர் ஆசியா உள்ளிட்ட குறைந்த கட்டண நிறுவனங்கள் வெளி உணவை விமானத்துக்குள் உண்ண அனுமதிப்பதில்லை. கொண்டுபோகலாம், திறந்து சாப்பிடத்தான் கூடாது. குழந்தை உணவுக்கும் மருத்துவத் தேவைக்கும் பொதுவாகப் பணியாளர்கள் இடம் கொடுப்பார்கள், முன்கூட்டிச் சொன்னால். இந்த விதியில் வியாபாரம் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை: அதே விமானத்தில் சூடான நாசி லெமாக் விற்கிறார்கள், அதிலும் சம்பல் வாசம் அடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் பரிமாறும் நேரம் எல்லோருக்கும் தெரிந்த நேரம், வானில் காற்றோட்டம் முழு அளவில் இருக்கும் நேரம், காலித் தட்டை உடனே அள்ளிப்போகும் நேரம். சொந்தச் சாப்பாட்டை அனுமதிக்கும் நிறுவனத்தில் பறந்தாலும் அந்த நேரத்தைத்தான் பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது, பக்கத்து இருக்கை. நம்மிடையே இது வெறும் மூக்கு விஷயமல்ல. தைப்பூசக் காலத்தில் பினாங்கு தண்ணீர்மலைக்கும் பத்துமலைக்கும் போகும் விமானத்தில் பாதிப் பேர் மரக்கறி விரதத்தில் இருப்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளிலும் அப்படியே. நோன்பு மாதத்தில் பகல் விமானத்தில் பக்கத்தில் இருப்பவர் தண்ணீர்கூடக் குடிக்காதவராக இருக்கலாம். மாட்டிறைச்சிப் பொட்டலத்தை இந்து ஒருவரின் தோளருகே பிரிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இவற்றுக்கெல்லாம் விதி கிடையாது, கேட்டுக்கொள்வதுதான் உண்டு. "தம்பி, அம்மாவுக்குக் கொஞ்சம் சாப்பிடக் கொடுக்கணும், கறி இருக்கு, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று பிரிப்பதற்கு முன் கேட்டிருந்தால், அந்த இளைஞரே எழுந்து பணிப்பெண்ணைக் கூப்பிட்டிருப்பார். கேள்வி முன்னால் வருவதற்கும் வாசம் முன்னால் வருவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இளைஞர் கேட்ட விதத்தில் குறையில்லை: நேரே கேட்டார், காரணம் சொன்னார், முகம் சுளிக்கவில்லை. அழைப்பு விளக்கைப் போட்டவரையும் குற்றம் சொல்ல முடியாது. இருவருக்குள் பேச்சு தடிக்கும்போது பணியாளரைக் கூப்பிடுவதே நல்லது. செய்யக் கூடாதது ஒன்று உண்டு, நம்மவர்கள் அடிக்கடி செய்வது: அத்தரோ தைலமோ எடுத்துத் தெளிப்பது. மீன் வாசத்தின் மேல் மல்லிகை வாசம் ஏறினால் இரண்டும் சேர்ந்து தலைவலியாகும். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஆபத்து. பணியாளர்கள் கையாளும் வழி எளிது. பொருளை இரட்டைப் பையில் கட்டுவது, கழிவறையில் காப்பித்தூள் உறையைத் தொங்கவிடுவது, காலி இருக்கை இருந்தால் ஆளை மாற்றுவது.

சாப்பிட்ட பிறகும் பாதி வேலை இருக்கிறது. எலும்பும் தாளும் முன் இருக்கைப் பையில் திணிக்கப்பட்டால் அந்த வாசம் அடுத்த பயணத்துக்கும் போகும். குறைந்த கட்டண விமானங்கள் 25, 30 நிமிடத்தில் திரும்பப் புறப்படுகின்றன. இருக்கைப் பையைக் கழுவ நேரமில்லை. கட்டி, கையில் கொடுங்கள். கையால் பிசைந்து சாப்பிடுவதற்கு விமான இருக்கை ஏற்ற இடமல்ல. கழுவப் போகும் வழியில் இருக்கை முதுகு ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். கரண்டி போதும்.

டுரியான் தனி வழக்கு

இந்த ஆய்வில் சொல்லும் கட்டும் முறைகள் எதுவும் டுரியானுக்குப் பொருந்தாது. பினாங்கின் டுரியான் தோட்டப் பகுதியான பாலிக் புலாவின் பழப் பருவத்தில் 'நல்லா சுத்திட்டேன், ஒண்ணும் தெரியாது' என்று கொண்டுவருபவர்களுக்காக மூன்று பதிவுகள்.

2018 நவம்பரில் இந்தோனேசியாவின் பெங்குலுவிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட இருந்த ஸ்ரீவிஜயா ஏர் விமானத்தின் சரக்கறையில் இரண்டு டன்னளவு டுரியான் இருந்தது. பயணிகள் ஏற மறுத்தார்கள். மூட்டைகளை இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்பியது, ஏறத்தாழ ஒரு மணி நேரத் தாமதத்தோடு. 2019 செப்டம்பரில் கனடாவின் வான்கூவரிலிருந்து கிளம்பிய ஏர் கனடா ரூஜ் விமானம் ஒன்று வானில் ஏறிய பின் அறை முழுதும் நாற்றம் பரவி, விமானிகள் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்து இறங்கியது. முன் சரக்கறையில் டுரியான். 2018 ஏப்ரலில் மெல்பர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்திலிருந்து சுமார் 500 பேரை வெளியேற்றினார்கள். வாயுக் கசிவு என்று நினைத்தது அலமாரியில் அழுகிக் கிடந்த டுரியானை.

மூன்றாவது பதிவு இரண்டாவதற்கு விளக்கம். டுரியானின் நாற்றத்தில் தயோல் எனும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டுமென்று அதில் கலப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். விமானிக்கு அடையாளம் தெரியாத நாற்றம் என்பது அசௌகரியமல்ல, எச்சரிக்கை. மின்கம்பி கருகுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று அவர் மோசமானதைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அப்படித்தான் பயிற்சி. சரக்கறையில் போட்டால் தெரியாது என்பதும் தவறு: அதுவும் அழுத்தம் ஏற்றிய பகுதி, பயணிகள் அறைக்கு ஒரு தளம் கீழே. உறைந்த சுளையை வெற்றிட உறையில் அடைத்து, முறையாகச் சரக்காக அனுப்புவது வணிகர்கள் செய்வது. அதற்கும் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். கைப்பையில் டுரியான் வேண்டாம். பலா இனப் பழமான செம்படாக்கையும் இதே வரிசையில் வைக்கிறோம். டுரியான் மிட்டாய், டுரியான் தோடோல் ஆகியவற்றை உறை பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்தால் சிக்கலில்லை.

அந்த நான்கு பொட்டலங்களை எப்படிக் கட்டியிருக்க வேண்டும்

முந்தின நாள் மாலை வாங்க வேண்டும், அன்று காலை அல்ல. கடையில் சொல்ல வேண்டியது: சோறு தனி, கறி தனி, குழம்பு தனி, பஞ்சீர் வேண்டாம், பையில் காற்று அடைக்க வேண்டாம். "விமானத்துக்குக் கொண்டுபோறேன் பாய்" என்றால் பினாங்குக் கடைகளில் புரிந்துகொள்வார்கள். அவித்த முட்டையை விட்டுவிடுங்கள், கோலாலம்பூரில் அவித்துக்கொள்ளலாம். வெண்டைக்காயும் உறைந்து உருகினால் கூழாகிவிடும், அது பினாங்கிலேயே சாப்பிட வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் குழம்பை அகலமான தட்டில் ஊற்றி ஆற வைத்து, ஆவி அடங்கியதும், வாங்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சோற்றுக்கும் இதே அவசரம். வெளியே கிடக்கும் சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. நமது நிகழ்வில் காலை 7 மணிச் சோறு கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒன்றரை. அதை யாரும் சாப்பிட்டிருக்கவே கூடாது என்பது தனிக் கதை.

குளிர்ந்த குழம்பை ஜிப் பையில், ஒரு பைக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவைத்து இரவு முழுக்க உறைய விட வேண்டும். வெற்றிட இயந்திரம் இருப்பவர்கள் வரிசையை மாற்றக்கூடாது: முதலில் உறைய வைத்து, பிறகு கட்டியாக வெற்றிட உறைக்குள் போட வேண்டும். நீராக இருக்கும்போது இயந்திரத்தில் வைத்தால் குழம்பு உறையின் வாய்க்கு ஏறி, ஒட்ட வேண்டிய இடத்தில் எண்ணெய் படிந்து, ஒட்டு பிடிக்காது. பார்க்க ஒட்டியது போலிருக்கும், உருகும்போது விடும்.

உறையிலும் கவனம் தேவை. சந்தையில் தரும் மெல்லிய பாலிதீன் பை நீரைத் தடுக்கும், வாசத்தைத் தடுக்காது. கந்தக ஆவி அதன் வழியே சில மணி நேரத்தில் வெளியேறும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு போட்டாலும் தாமதமாகும், அவ்வளவுதான். நைலான் கலந்த தடித்த வெற்றிட உறை, அல்லது காப்பித்தூள் வரும் அலுமினியப் படல உறை வேண்டும். கருவாட்டுக்கு அலுமினிய உறை, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் பூட்டு டப்பா. எல்லாவற்றையும் சுற்றி உறிஞ்சு தாளோ பழைய துண்டோ வைத்து, வெப்பம் தடுக்கும் பையில் போட்டு, செக்-இன் பெட்டியின் நடுவில், துணிகளுக்கிடையே. இப்படி வைத்த ஒரு கிலோ உறைந்த குழம்பு கிள்ளான் வீட்டு வாசல் வரை கட்டியாகவே போய்ச் சேரும். 7 கிலோ கைச்சுமை வரம்பில் இரண்டரைக் கிலோவைச் சோற்றுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

உலர் பனிக்கட்டி போடுவதானால் ஒருவருக்கு 2.5 கிலோதான் வரம்பு. நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், பெட்டி ஆவி வெளியேறும்படி இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது தேவையே இல்லை.

விமானத்துக்குள் சாப்பிட ஏதாவது வேண்டுமென்றால் அது வேறு பட்டியல்: வெறும் இட்லி, சீனி வைத்த சப்பாத்தி, காயா ரொட்டி, ஊறுகாய் இல்லாத தயிர்சாதம், தௌ சார் பியா (பயற்றுப் பூரணம் வைத்த பினாங்குப் பலகாரம்), வாழைப்பழம். வடை வேண்டாம், ஆறிய வடையிலும் வெங்காயம் பேசும்.

சென்னை வரை போவதென்றால்

2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை–பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் பாதுகாப்புச் சோதனையில் குழம்பை அனுமதித்துவிடுவது வழக்கம் என்பதால் பலர் ஏமாறுவது இங்கேதான். பன்னாட்டுப் புறப்பாட்டில் குழம்பு, சம்பல், ஊறுகாய், பெலாச்சான் விழுது எல்லாமே திரவக் கணக்கு: ஒரு கலம் 100 மில்லி லிட்டருக்கு மேல் கைச்சுமையில் போகாது. உறைந்த குழம்பு சோதனை மேசைக்கு வரும்போது ஓரம் உருகியிருந்தால் அதுவும் திரவம்தான், குளிர்ச்சிக்கு வைத்த ஜெல் பொதியும் அப்படித்தான். எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. பூசைக்கென்று கொப்பரை எடுத்துப்போகும் பழக்கமுள்ளவர்கள் அதையும் விட்டுவிட வேண்டும்; தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருளாக அது வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

இறைச்சி, மீன், பழம், விதை ஆகியவற்றுக்கு இறங்கும் நாட்டின் தனிமைக்காப்பு விதியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் படிக்கும் பிள்ளைக்குக் கருவாடு கொண்டுபோகிறவர்கள் நுழைவு அட்டையில் 'உணவு உண்டு' என்று எழுதியே ஆக வேண்டும். எழுதினால் அதிகபட்சம் பறிமுதல், எழுதாவிட்டால் அபராதம். திரும்பி மலேசியாவுக்குள் வரும்போது அதே வேலையை எல்லைச் சோதனை அதிகாரிகள் செய்கிறார்கள்; சென்னையிலிருந்து கறிவேப்பிலைக் கட்டும் மாம்பழமும் கொண்டுவருபவர்களை அவர்கள் தடுப்பது வாசத்துக்காக அல்ல, அவற்றில் ஒட்டியிருக்கும் பூச்சிக்காக.